கலாம்பா நாட்டுக்காரி

தடுப்புக் கட்டை மேலே எழுந்து, சிப்பாய்ப் பையன்கள் லாரியில் ஏறிவிட்டால் போதும், தம்பர்குமாரி பஸ்நெத் துடைப்பத்தோடு வந்துவிடுவாள். ஆனால் உடனே பெருக்க மாட்டாள். தான் குந்தியிருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து, மண்ணை உள்ளங்கையால் நாலு தடவு தடவிவிடுவாள். அதற்குப் பிறகுதான் துடைப்பம். பூட்ஸ் தடங்கள், உருண்டு நசுங்கிய தக்காளி, ரத்தத்துக்குப் பதிலாகக் கொட்டிய செம்பொடி எல்லாம் ஓரத்துக்குப் போகும். அடுத்த குழு வரும்போது சாவடி அப்போதுதான் கட்டி முடித்ததுபோல இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

“சொந்த வாசலைக்கூட இப்படிக் கூட்ட மாட்டா. கலாம்பான்னா மட்டும் இடுப்பு நல்லா வளையுது,” என்பாள் பக்கத்து வீட்டுக் கான்சி தமாங்.

“சொந்த வாசலைக் கோழி கிளறிக் கூட்டிக்கும்டி. இங்க கோழி ஏது? நான்தான் இருக்கேன்.”

கலாம்பா என்ற நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம். பனேபாவுக்குக் கிழக்கே, எங்கள் பள்ளத்தாக்கின் வடக்குச் சரிவில், ராணுவ முகாம் வேலிக்கு உள்ளே அது இருக்கிறது. சில தகரக் கொட்டகைகள், தண்ணீர் இல்லாத ஒரு கிணறு, சாமி இல்லாத ஒரு கோயில், ஒரு சோதனைச் சாவடி. அவ்வளவுதான் தேசம். உலகத்தில் எங்கெங்கோ நடக்கிற சண்டைகளுக்கு நடுவில் அமைதிப்படையின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு போய் நிற்கிற எங்கள் நேபாளப் படையாட்கள், விமானம் ஏறுவதற்கு முன்னால் சில வாரம் இந்த நாட்டில்தான் நின்று பழகுவார்கள். நாடு என்றால் குடிமக்கள் வேண்டுமே? அதற்கு எங்கள் ஊர் ஆட்கள். காலையில் உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து அகதி ஆவார்கள். மத்தியானம் அவலும் ஊறுகாயும் தின்றுவிட்டுக் கலகக்காரர் ஆவார்கள். எருமை கறக்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மற்றவர்கள் எல்லாம் வந்து போகிறவர்கள். தம்பர்குமாரிதான் நிரந்தரப் பிரஜை. பொம்பளைகள் வேண்டும் என்று முகாமிலிருந்து முதன்முதலில் ஆள் வந்தபோது ஊரே கதவைச் சாத்திக்கொண்டது, இவள் ஒருத்திதான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, “என்ன செய்யணும்? அழணுமா, திட்டணுமா?” என்று கேட்டாள். இரண்டும் என்றார்கள். அன்றிலிருந்து அவள் கலாம்பாவில் செய்யாத காரியம் இல்லை. பூசணிக்காயைப் பெற்றெடுத்திருக்கிறாள். கண்ணிவெடியில் கால் போயிருக்கிறாள். வெயிலில் பிணமாகக் கிடந்திருக்கிறாள். ஒரு தடவை மூக்கின்மேல் ஈ உட்கார, பிணம் பட்டென்று அடித்துவிட்டது. பயிற்சி கொடுத்த சுபேதார் கத்தினார். “செத்தவளுக்கும் ஈ ஈதான் சாகிப்,” என்று கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாளாம்.

கலாம்பாப் பெண்களின் உடை என்று முகாமில் ஒரு நீளமான பூப்போட்ட அங்கி கொடுத்திருக்கிறார்கள். அதைத் தன் ரவிக்கைக்கும் சேலைக்கும் மேலேயே மாட்டிக்கொள்வாள். கழுத்தில் கிடக்கிற சிவப்புக் கண்ணாடி மணிச்சரத்தைக் கழற்றச் சொன்னதற்கு மட்டும் இணங்கவில்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் உள்ளவள் போடுகிற சரம் அது. “ஏன், அந்த நாட்டுப் பொம்பளைக்குப் புருஷன் கெடையாதா?” என்று கேட்டுவிட்டு, அங்கிக்குள் தள்ளிக்கொண்டாள். வகிட்டுக் குங்குமத்தைத் தலைத்துணி மறைத்துக்கொள்ளும்.

அவளுடைய பெரிய உருப்படி சாவடிதான். முதுகுக்கூடை நிறையத் தக்காளியோடு, நெற்றியில் பட்டை மாட்டிக்கொண்டு வருவாள். பையன்கள் நிறுத்திச் சோதனை போட வேண்டும். அங்கேதான் வினை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் அவள் பேசவே மாட்டாள். “கண்ணைக் காட்டு மொதல்ல. துப்பாக்கியக் காட்டுறவனுக்குக் கண்ணைக் காட்ட என்ன வெக்கம்?” கூடையைக் கவிழ்த்துக் கொட்டினானோ, அவன் ஏழு தலைமுறையும் கலாம்பாவுக்கு வந்து நின்று வாங்கிக் கட்டிக்கொள்ளும். “அடுக்கினவ கையைப் பாத்திருக்கியாடா? கீழ காயி, மேல பழம், நடுவுல வைக்கோலு. உங்கம்மா அடுக்கினதை இப்படித்தான் கொட்டுவியா?” ஒன்றொன்றாய் எடுத்து, பார்த்து, மறுபடி அடுக்கிக் கொடுத்தவன்தான் பிழைத்தான்.

பாஷை தெரியாத நாடு என்று கணக்கு, அதனால் மொழிபெயர்ப்பாளர் வேலை கான்சிக்கு. சிப்பாய் நேபாளியில் கேட்பான், கான்சி அதையே நேபாளியில் தம்பர்குமாரிக்குச் சொல்லுவாள், தம்பர்குமாரி நேபாளியில் திட்டுவாள், கான்சி அதை இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்து நேபாளியில் சிப்பாய்க்குக் கொடுப்பாள். நடுவில் சிரிப்பு வந்துவிட்டால் தலைத்துணியை வாயில் திணித்துக்கொள்வாள். திட்டு வாங்கிய பையன்கள் போகும்போது எதிரே வந்து கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். “எங்கிட்ட திட்டு வாங்காம ஒருத்தனும் கடல் தாண்டினதில்ல,” என்று தம்பர்குமாரி சொல்வது வெறும் ஜம்பம் இல்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் அந்த ஜம்பம் காற்றிலேயே இருக்கிறது. வீட்டுக்கு அடையாளமே ஆள் போய்வந்த நாடுதான்: லெபனான் வீடு என்றால் மாடியில் பச்சை வண்ணம் அடித்தது. காங்கோ வீடு என்றால் ஆலமரத்துக்குப் பக்கத்தில் உள்ளது. தக்காளித் தோட்டத்துப் பொம்மைகள்கூட வெளுத்துப்போன நீலத் தொப்பி போட்டுக்கொண்டுதான் குருவியை விரட்டுகின்றன. முகாம் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் பழைய அவில்தார் புத்திமான், தான் காவல் நின்ற ஏதோ ஒரு லெபனான் கிராமத்தைப் பற்றிச் சொல்லாத நாள் கிடையாது. அங்கே ஒரு கிழவி தினமும் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுப்பாளாம். படை கிளம்பிய அன்றைக்கு வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். “நேபாளின்னா நல்லவன், அப்படின்னு சொன்னா. அந்த வார்த்தைய நான் காசு குடுத்து வாங்கல பாத்துக்கோ,” என்பார் புத்திமான். சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். தம்பர்குமாரி அந்தக் கதையைக் கேட்டு அலுத்ததே இல்லை.

கொடியேற்றும் நாளில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் பேசுவார். “நமக்குக் கடல் கெடையாது. எண்ணெய் கெடையாது. ஒரு மலை இருக்கு, அதையும் வெளிநாட்டுக்காரன் வந்துதான் ஏறுறான். ஆனா அண்ணன் தம்பி அடிச்சிக்கிற எடத்துல நடுவுல போயி நிக்க ஒரு ஆள் வேணும்னா உலகம் யார் கதவைத் தட்டுது?” நம் கதவை என்று பிள்ளைகள் கத்தும். கைதட்டலில் தம்பர்குமாரியின் கை தனியாகக் கேட்கும். வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் கான்சியிடம் சொல்லுவாள்: “வெளிய வாங்கின பேரு நல்ல பேருதான்டி. நெசமாவே நல்ல பேரு. வீட்டுக்கு வர்றதுக்குத்தான் அதுக்கு வழி தெரியல.”

அவள் யாரை நினைத்துச் சொல்கிறாள் என்பது கான்சிக்குத் தெரியும். எங்கள் நாட்டிலும் அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட பத்து வருஷம் உண்டு. அப்போது நடுவில் வந்து நிற்க யாரும் இல்லை. ‘பெரியவளோட அப்பா’ என்று மூத்த மகளை வைத்தே தம்பர்குமாரி குறிப்பிடும் அவள் புருஷன், ஒரு காலையில் தக்காளிக் கூடையோடு சந்தைக்குக் கிளம்பினார். ஆற்றுப் பாலத்தில் நிறுத்தினார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் வரை அவரைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் பார்த்தவர்கள் இல்லை. அந்த மாதம் பாலத்தில் இன்றைக்கு ஒரு தரப்பு, நாளைக்கு மறு தரப்பு என்று மாறி மாறித் துப்பாக்கியோடு நின்றார்கள். அன்றைக்கு நின்றது எந்தத் தரப்பு என்பதில் ஊர் இன்னும் இரண்டாகத்தான் நிற்கிறது. அவள் எதிலும் சேரவில்லை. “எவன் நின்னா என்ன? நிறுத்தினவன்ல சொல்லணும்,” என்றாள். கூடை மட்டும் பாலத்தோரம் கிடைத்தது. யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஒரு பழம்கூட நசுங்கவில்லை.

சில வருஷம் கழித்து மைத்துனன் வந்தான். தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம், அண்ணன் ஆத்மா அலையக் கூடாது என்றான். “புல்லுக்குக் கொள்ளி வெச்சா புல்லுதான் சாகும்,” என்று சொல்லிவிட்டு அவனுக்குச் சோறு போட்டு அனுப்பினாள். மணிச்சரம் கழுத்திலேயே கிடந்தது.

சண்டை ஓய்ந்த பிறகு, காணாமல்போனவர்களைப் பற்றிக் கேட்க ஒரு குழு வந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் மேசை போட்டு, ஊர்ப் பெண்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். தம்பர்குமாரியின் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன். “காணாமப்போனவர் பேரு?” என்றான்.

அவள் வாய் திறக்கவில்லை. எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையும். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஒருவருக்கு எவ்வளவு ஆயுசு மிச்சமிருக்கிறதோ, அதிலும் ஒரு வருஷத்தைத் தன் வாயால் குறைக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? எடுத்துச் சொல்ல வேண்டிய மைத்துனன் அன்றைக்குக் காட்மாண்டு போயிருந்தான். மேசைப் பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “பேரே தெரியாம எப்படிம்மா தேடுறது? தள்ளுங்க, அடுத்த ஆளு.” வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பிறகு மைத்துனன் நகரத்துக்கே போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். அதனால் எதுவும் நடக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கேட்டபோது தான் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார்கள். இவளுக்கு வேறு சில எழுத்துகள் தேவைப்பட்டன. வாய் சொல்லக் கூடாததைக் கை சொன்னால் குற்றமில்லை அல்லவா? கற்றுக்கொண்டுவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கத்தான் வரவில்லை.

சாவடியில் தன் முறைக்குக் காத்துக் குந்தியிருக்கும்போது, ஒரு குச்சியால் அவள் மண்ணில் கீறிக்கொண்டே இருப்பது அந்த எழுத்துகளைத்தான். துடைப்பம் படக் கூடாத எழுத்து. அதனால்தான் முதலில் உள்ளங்கை.

நாடகத்தில் அவளாகச் சேர்த்துக்கொண்ட ஒரு வரி உண்டு. முகாம்காரர்கள் எழுதிக் கொடுத்ததில் அது கிடையாது. தக்காளிச் சண்டை எல்லாம் முடிந்து, பையன் நிம்மதியாக மூச்சு விடும் நேரத்தில், அவள் குரல் இறங்கிவிடும். “எம் புருஷனை இங்கதான் நிறுத்தினீங்க. எங்க அவரு?”

ஒருவன் மேலிடத்துக்குச் சொல்கிறேன் என்பான். ஒருவன் அது எங்கள் வேலை இல்லை என்பான். இரக்கப்பட்ட ஒருவன், கவலைப்படாதீங்க அம்மா, வந்துருவாரு என்று தோளைத் தொட்டான். அவனைத்தான் அதிகமாக முறைத்தாள். எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு: “தோத்துட்டே. போ.” அந்தக் கேள்வியில் இதுவரை தேறினவன் இல்லை.

போன மழைக்காலத்தில் முகாமுக்கு மேஜர் ஷாஹி மாற்றலாகி வந்தார். நல்ல மனிதர். வேகாத வெயிலில் கலாம்பாக்காரர்களுக்கு நிழல்பந்தல் போட்டுக் கொடுத்தவர். தம்பர்குமாரியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் பந்தலுக்கு வந்து அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் இரண்டு தம்ளர் டீ குடித்தார்.

“சாகிப், மூணாவது தம்ளர் வேணுமா, இல்ல விஷயத்துக்கு வர்றீங்களா?” என்றாள்.

“வியாழக்கிழமை வெளிநாட்டிலேருந்து பரிசோதிக்க வர்றாங்க அக்கா. போன குழுவைப் பத்தி என்ன எழுதினாங்க தெரியுமா? சனங்க குறையைக் கேக்கத் தெரியாதவங்க, அப்படின்னு. அவங்க கிளம்பறதே தள்ளிப்போச்சு. இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா, இவங்க எடத்துக்கு வேற நாட்டு ஆளுங்க போயிடுவாங்க. பேரு போயிடும். நாட்டோட பேரு.”

“நான் என்ன பண்ணணும்?”

“தண்ணி கேளுங்க. மருந்து கேளுங்க. எங்க வண்டி உங்க ஆட்டை அடிச்சுட்டுதுன்னு சண்டை போடுங்க, ஆட்டைக் காணோம்னு அழுங்க. அந்த ஒண்ணை மட்டும் கேக்காதீங்க.”

தம்பர்குமாரி குச்சியைக் கீழே வைத்தாள். “ஆட்டைக் கேக்கலாம். ஆளைக் கேக்கக் கூடாது.”

“அப்படியில்ல அக்கா.” மேஜர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். “என்ன பதில் சொன்னா நீங்க விடுவீங்கன்னு பசங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. உங்களுக்காவது தெரியுமா?”

அவள் குச்சியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். “தெரியாது சாகிப். இதுவரைக்கும் யாரும் சொல்லலியே.”

மேஜர் எழுந்து போன பிறகு கான்சி குதித்தாள். “அந்த ஒரு வரிக்காகத்தானேடி நீ இத்தனை வருஷமா இங்க வந்து சாகறே! முடியாதுன்னு சொல்றதுக்கென்ன?”

“அந்தப் பசங்க என்னடி பண்ணினானுங்க? அன்னிக்குப் பாலத்துல நின்னவனா இவன்? இவன் அப்பப் பால் குடிச்சிட்டிருந்திருப்பான்.” டீத் தம்ளர்களை அடுக்கிக்கொண்டே, “ஆட்டையே கேட்டுட்டுப் போறேன்,” என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் துடைப்பத்தைக் கான்சிதான் எடுத்தாள்.

அந்தக் குழுவில் நைனசிங் போஹரா என்று ஒரு சிப்பாய் இருந்தான். தூர மேற்கில் பஜாங் பக்கத்து மலைக்காரன். எதையும் நிதானமாகச் செய்கிறவன். மற்றவர்கள் பாஷையில் சொன்னால் மந்தம். தம்பர்குமாரியிடம் அதிகத் திட்டு வாங்கியவன் அவன்தான். எல்லாரும் லாரியில் ஏறிய பிறகும் நின்று, “அம்மா, நான் என்ன கேட்டிருக்கணும்?” என்று அவளையே கேட்டுத் தொலைப்பான். ஒருநாள் எரிச்சலில் அவள் சொல்லிவிட்டாள்: “ஆளைத் தொலைச்சவ எடுத்ததும் ஆளைச் சொல்ல மாட்டாடா மக்கு. கோழியக் காணோம்பா, குடத்தைக் காணோம்பா. சின்னதைச் சொல்லிப் பாப்பா, கேக்குற காது இருக்கான்னு. ‘வேற?’ன்னு கேக்கணும். கேட்டுட்டு வாயை மூடிட்டு உக்காரணும். போ, லாரி போயிடும்.” சொன்னதை அவள் அப்போதே மறந்துவிட்டாள்.

வியாழக்கிழமை வெள்ளை ஜீப்பில் வந்தார்கள். வெயிலில் மூக்கு சிவந்த உயரமான ஒரு பெண்மணி, கூட ஒருவர். சாவடியில் நிற்பதற்கென்று மேஜர் ஒரு கெட்டிக்காரப் பையனைத் தயார் செய்து வைத்திருந்தார். அந்தப் பெண்மணி வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைசியில் நின்றவனைக் கை காட்டினாள். நைனசிங் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். மேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

தம்பர்குமாரி கூடையோடு வந்தாள். அவன் கண்ணாடி போட்டிருக்கவில்லை. கூடையை இறக்கக் கை கொடுத்தான். தக்காளியை ஒன்றொன்றாய் எடுத்துப் பார்த்து, எடுத்த மாதிரியே அடுக்கினான். மெதுவாகத்தான் செய்தான். ஆனால் பழுதில்லை. அவளுக்கே திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல், ஆட்டுக்கு வந்தாள்.

“உங்க வண்டி வந்து போனதிலேருந்து எங்க ஆட்டைக் காணோம்! கறுப்பு ஆடு, சினை ஆடு! யாரு பதில் சொல்றது?”

கான்சி அதை உப்புக்காரத்தோடு மொழிபெயர்த்தாள். நைனசிங் துப்பாக்கியைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு, அவளுக்கு எதிரே மண்ணில் குந்தினான். ஆட்டின் நிறம் கேட்டான். எந்தக் காதில் வெட்டு இருக்கிறது என்று கேட்டான். எல்லாம் சரியாகப் போயிற்று. மேஜர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தோடு அவன் எழுந்திருந்தால் எல்லாருக்கும் நல்ல பெயர்.

அவன் எழுந்திருக்கவில்லை. “வேற?” என்றான்.

கான்சி மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். முதல் தடவையாகச் சிரிக்காமல் தலைத்துணியை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்க்காமல் நேராகத் தம்பர்குமாரியிடம் கேட்டான். “வேற யாரையாவது காணோமா அம்மா? வீட்டாளு யாராவது?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

மேஜர் ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டார். தம்பர்குமாரி அவரைத்தான் முதலில் பார்த்தாள். கேட்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டவள் அவள், கேட்கவில்லை. இப்போது கேட்டவன் பையன்தான். பையன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் கையில் குச்சி எப்போதும்போல இருந்தது.

“எம் புருஷன்,” என்றாள். கலாம்பாக் குரல் இல்லை அது. பெயரைச் சொல்லக் கூடாத வாய் அத்தோடு நின்றது.

பஜாங்கிலும் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நைனசிங் பெயரைச் சொல்லச் சொல்லவில்லை. தனக்கும் அவளுக்கும் நடுவில் கிடந்த மண்ணைக் கையால் நிரவி, பூட்ஸ் காலைப் பின்னுக்கு இழுத்து, இடம் விட்டான்.

அவள் எழுதினாள். இத்தனை வருஷம் தனக்குள் எழுதிப் பழகிய கை, ஒரு கோடும் பிசகவில்லை. அவன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அதனால் ஒவ்வோர் எழுத்தாக, சாவடியில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தான். “லீலா... ராஜ்... லீலாராஜ் பஸ்நெத்.” நிமிர்ந்தான். “ஐயா பேரு சரியா அம்மா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய். பேரைக் கேட்டுக்கிட்டேன். மறக்க மாட்டேன்.”

தோத்துட்டே என்று அவள் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

சிவந்த மூக்குப் பெண்மணிக்கு இதெல்லாம் ஒழுங்காக எழுதி நடித்த நாடகமாகத்தான் பட்டிருக்க வேண்டும். மெச்சிக்கொண்டு ஏதோ குறித்தாள். பிறகு மேஜர் பக்கம் சாய்ந்து, அங்கே மண்ணில் என்ன எழுதினாள், ஆட்டின் பெயரா என்று கேட்டாள்.

“இல்லை,” என்றார் மேஜர். தொப்பியைக் கழற்றியிருந்தார். “ஆளின் பெயர்.”

கட்டை மேலே எழுந்தது. ஜீப் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினான். கான்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், துடைப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். தம்பர்குமாரி அதை வாங்கவில்லை. உள்ளங்கையால் மண்ணைத் தடவவும் இல்லை. தன் கூடையைத் தூக்கி, காயும் பழமும் வைக்கோலுமாக அத்தனையையும் அப்படியே கொட்டினாள். தக்காளிகள் உருண்டு வெள்ளை ஜீப்பின் சக்கரத்துக்கு அடியில் போயின. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் கோழிக்குஞ்சுகளை மூடுவதுபோல, வெற்றுக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்தப் பெயரின் மேல் வைத்தாள்.